பயன்படாத இட்டேரியை மூட வைத்தோம்: பட்ட பாடும் சில எச்சரிக்கைகளும்

ஒருவழியாக உத்தரவு கைக்கு வந்துவிட்டது. ஆனைமலைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய எங்கள் தென்னந்தோப்பின் குறுக்கே கிடந்த இட்டேரி இனிப் பொதுப்பாதை கிடையாது. நிம்மதிதான். ஆனாலும் நடுவில் அலைக்கழித்த அலைக்கழிப்பை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் மாட்டுவண்டி போன தடம் அது. ஊருக்குத் தார்ச்சாலை வந்தபின் யாரும் அதில் வருவதில்லை. இரண்டு பக்கத்துக் கிளுவை வேலியும் நடுவில் கூடி, பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறி, ஆள் நுழைய முடியாதபடி ஆகிவிட்டது. அதற்குள் தேங்காய் விழுந்தால் பாம்புக்குப் பயந்து யாரும் எடுக்கப் போவதில்லை. இரண்டு பக்கத் தோப்பும் எங்களுடையது, நடுவில் நாலு மீட்டர் அகலத்துக்கு அரசு நிலம்.

மனு எழுதும் முன்பே புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (எந்த எண் என்ன வகை நிலம் என்று எழுதிய வருவாய்க் கணக்கு) இணையத்தில் எடுத்துவிடுங்கள். தடம் உங்கள் பட்டா எண்ணுக்குள்ளேயே புள்ளிக்கோடாக மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் வழி உரிமைப் பிரச்சினை. தனி எண்ணோ தனி உட்பிரிவோ கொடுத்து 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்று எழுதியிருந்தால் அது அரசு நிலம். எங்களுடையது இரண்டாவது வகை.

"அத்தனை வருசமா யாரும் நடக்கலையே, அது உங்களுதுதானுங்க" என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். நம்பி வேலியை நகர்த்திவிடாதீர்கள். யாரும் நடக்காததால் மட்டும் பாதை உங்களுடையதாகிவிடாது. ஆக்கிரமித்த பொதுத் தெருவை மீட்க உள்ளாட்சி அமைப்புக்குக் காலவரம்புச் சட்டம் 30 ஆண்டு அவகாசம் தருகிறது. அதற்கு முன்பே 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் வந்துவிடும். ஊர்ப் பொதுநிலங்களைக் காப்பாற்றச் சொல்லி 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்ததிலிருந்து, பொதுநிலம் என்றாலே அதிகாரிகள் பேனாவை எடுக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் எத்தனை இட்டேரி, எத்தனை குட்டை இப்படிக் காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தவன்தான் நானும்.

அதனால்தான் சும்மா மூடித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பின்னால் உள்ள பூமிக்காரருக்கு வழி அடைபடக் கூடாது என்று, எங்கள் தோப்பின் ஓரத்தில் அதே அகலத்துக்கு மாற்றுப்பாதை விட்டு, அதை ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தருவதாக மனுவிலேயே சொன்னோம். இதுதான் காரியத்தைக் காப்பாற்றியது. தடம் பயன்பாட்டில் இருக்கிறதா என்பதைவிட, மூடினால் யாருக்கு இடைஞ்சல் என்றுதான் எல்லா மேசையிலும் கேட்டார்கள்.

மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தது, கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தது, வருவாய் ஆய்வாளர் அறிக்கை எல்லாம் சுலபமாக முடிந்தன.

இடித்தது பின்னால் உள்ள பூமிக்காரரின் சம்மதம். அந்த மாமா கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர், இறந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் சம்மதித்தார்கள், ஆனால் வாரிசுச் சான்று வேண்டுமே. கேரளத்தில் அரசிதழில் அறிவிப்புப் போட்டு, ஆட்சேபணைக்குக் காத்திருந்துதான் தருகிறார்கள். கடைசியில் சான்று வந்தால் மலையாளத்தில். நம் அலுவலக எழுத்தர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது என்னன்னு எனக்கெப்படித் தெரியும்? தமிழ்ல கொண்டாங்க" என்று தள்ளிவிட்டார். மொழிபெயர்த்து, நோட்டரி கையெழுத்து வாங்கிப் போனால், மூலத்திலும் நோட்டரி சான்று வேண்டும் என்றார். முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்ல என்ன கேடு? எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பங்குதாரர் இருந்தால், வாரிசுச் சான்றுக்கு முதலில் ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் மனுப் போடுங்கள்.

அடுத்த அடி ஊராட்சித் தீர்மானத்தில். ஆட்சேபணை இல்லை என்று எல்லா உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்ட தீர்மானம். தட்டச்சில் சர்வே எண்ணின் உட்பிரிவு விடுபட்டிருந்தது. ஒரே ஒரு எழுத்து. அதற்காகக் கோப்பு மொத்தமும் கீழே இறங்கி, அடுத்த கூட்டம்வரை கிடந்தது. தீர்மான நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, புலப்படத்தை வைத்துக்கொண்டு எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

நில அளவர் வந்த நாள் மறக்காது. மூலைக்கல் ஒன்று கிடைக்கவே இல்லை. கல் இல்லாமல் அளக்க மாட்டேன் என்று டேப்பைச் சுருட்டிவிட்டார். எங்கள் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலண்ணன் கடப்பாரையை எடுத்து, ஒரு பழைய தென்னையின் தூரை ஒட்டிக் குத்திக்கொண்டே வந்தார். முழங்கை ஆழத்தில் டங் என்றது. வேர் பின்னிக் கிடந்த மண்ணை விலக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவினால், கல்லின் தலையில் வெட்டிய குறி அப்படியே இருந்தது. அளவர் முகத்திலும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. இட்டேரி மொத்தம் 4 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்), கிட்டத்தட்ட 10 சென்ட்.

அப்புறமும் கோப்பு ஒரு மேசையில் படுத்துக்கொண்டது. கேட்டால் "மேலே போயிருக்கு" என்பார்கள், மேலே கேட்டால் வரவில்லை என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது, குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும் என்று இரண்டே கேள்வி கேட்டேன். பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு. பதில் வருவதற்குள் கோப்பே நகர்ந்துவிட்டது. சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒன்று. பாதையை மூடி உத்தரவு வந்துவிட்டால் நிலம் நம் பெயருக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வகைப்பாடு மாறினாலும் அது அரசு நிலம்தான். அதை நமக்கு ஒதுக்கக் கேட்பது தனி மனு, தனி மதிப்பீடு, தனிக் கோப்பு. அதுவரை அங்கே தென்னங்கன்றோ சுவரோ வைக்காதீர்கள். உத்தரவு 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் ஏறியிருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள், ஏறாவிட்டால் உத்தரவு நகலோடு போய்க் கேளுங்கள். எங்களுடையது போன வாரம்தான் ஏறியது. நிலத்துக்கான மனுவை வரும் திங்கட்கிழமை கொடுக்கிறோம், வாரிசுச் சான்றின் மொழிபெயர்ப்பையும் மூலத்தையும் சேர்த்தே வைத்து.