பரணில் கிடந்த காந்தள்

போன மாதம் அம்மாபேட்டை வீட்டில் பரணை ஒழித்தபோது சணல் கயிறு போட்ட ஒரு கட்டு கிடைத்தது. பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருஷம் பிராக்டிக்கலுக்காகச் செய்த ஹெர்பேரியம், அதாவது செடிகளை அழுத்திக் காயவைத்து ஷீட்டில் தைத்து வைக்கும் தொகுப்பு. பிரித்ததும் அந்துருண்டை வாடை. பாதி ஷீட்டைப் பூச்சி அரித்துத் தூளாக்கியிருந்தது. ஒரு காந்தள் மட்டும், இலை நுனியில் சுருண்டிருக்கும் அந்தப் பற்றுக்கம்பிகூட உடையாமல், இதழ்கள் சிவப்பெல்லாம் போய்க் காப்பித்தூள் நிறத்தில், நான் தைத்த வெள்ளை நூலோடு அப்படியே இருந்தது.

லேபிளைப் பார்த்தேன். குளோரியோசா சுபர்பா (காந்தளின் அறிவியல் பெயர்), ஏற்காடு. அவ்வளவுதான். தேதி இல்லை. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவு, ஓடையோரமா எஸ்டேட் வேலியா, எதுவும் இல்லை. அடியில் இருந்த தினத்தந்தியில் 1998 நவம்பர் என்று போட்டிருக்கிறது, ஆனால் அதுவும் சாட்சியாகாது. ஈரம் இழுக்கத் தினமும் பேப்பர் மாற்றுவோம், கையில் கிடைத்த பழைய பேப்பரைத்தான் வைப்போம்.

அன்று இதை வெறும் மார்க்குக்காகச் செய்தேன். காய்ந்த செடியில் என்ன ஆராய்ச்சி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பாஸ்டனில் ஆர்னால்டு தாவரப் பூங்காவில், நூறு வருஷத்துக்கு முன்னால் பூத்த கிளையைப் பறித்துத் தேதி போட்டு வைத்திருந்தார்கள். ரிச்சர்ட் பிரைமேக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் அதே செடிகள் இப்போது பூக்கும் நாளோடு ஒப்பிட்டு, 1900-1920 காலத்தைவிட 1980-2002 காலத்தில் சுமார் 8 நாள் முந்திப் பூக்கின்றன என்று 2004-ல் எழுதினார்கள். இங்கே மலையில் காப்பி பூக்கும் காலம் முன்னப்பின்ன ஆகிவிட்டது என்று பேசிக்கொள்கிறோமே, அது எத்தனை நாள் என்று சொல்லத் தேதி போட்ட ஒரு கிளை வேண்டும்.

இலையும் பேசும். 1987-ல் இயான் உட்வர்ட் என்ற தாவரவியலாளர், கேம்பிரிட்ஜில் இருந்த பழைய இலைகளில் மூச்சுத்துளைகளை எண்ணிப் பார்த்தார். இருநூறு வருஷத்தில் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. காற்றில் கரியமில வாயு கூடக்கூட இலைக்கு அத்தனை துளை தேவைப்படவில்லை. அயர்லாந்துப் பஞ்சத்தை உண்டாக்கிய உருளைக்கிழங்கு நோய்க்கிருமி எந்த வகை என்பதும், லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலும் மியூனிக்கிலும் காய்ந்து கிடந்த நோயுற்ற இலைகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து 2013-ல்தான் தெரிந்தது. அந்த இலையைப் பறித்தவர் காலத்தில் டிஎன்ஏ என்ற சொல்லே கிடையாது. எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் இது.

நம் பக்கத்திலும் ஆள் இருந்தார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் ராபினட் ஹெர்பேரியத்தைத் தொடங்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையையும் சேர்த்து இந்தப் பக்கத்து மலைகளில் எல்லாம் செடி சேகரித்தார். வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று நம் மலையின் பெயரையே சுமக்கும் ஒரு மரம் இருக்கிறது, கேம்பிள் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் வைத்த பெயர். அது எங்கெங்கே நின்றது, இன்று எங்கே இல்லை என்று தேடப் போனால் முதலில் புரட்ட வேண்டியது பழைய ஷீட்டுகளைத்தான்.

அதனால்தான் ஒரு கல்லூரியில் இடம் போதவில்லை என்று பழைய மாணவர்களின் ஷீட்டுகளை மொத்தமாக எரித்தார்கள் என்று கேட்டபோது வயிறு எரிந்தது. அதில் பத்து லேபிளாவது ஒழுங்காக எழுதியிருக்க மாட்டார்களா?

இப்போது தாவரவியல் படிக்கிற தம்பி தங்கைகளே, காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் பறிக்காதீர்கள், ரோட்டோரத்துச் செடியே போதும். தேதி, இடம், போனில் காட்டும் ஜிபிஎஸ் எண், உயரம், பூ நிறம் (காய்ந்தால் போய்விடும்), பக்கத்தில் என்ன இருந்தது, எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் என் காந்தள் கதைதான்.

அதை நான் தூக்கிப் போடவில்லை. லேபிளுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில், ‘தேதி தெரியாது, அடியில் இருந்த பேப்பர் 1998 நவம்பர்’ என்று எழுதி ஒட்டி, புது அந்துருண்டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.