ஹோகார்த் படங்களில் பாட்டைத் தேடி லண்டனில் ஒரு நடை

லண்டனில் ரஸ்ஸல் ஸ்கொயர் பாதாள ரயில் நிலையத்திலிருந்து ஃபவுண்ட்லிங் மியூசியம் பக்கம்தான். திங்கட்கிழமை மூடியிருக்கும். 18-ம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் 'ஃபிஞ்ச்லிக்கு அணிவகுப்பு' ஓவியம் இங்கே. ஃபிஞ்ச்லி, லண்டனுக்கு வடக்கே இருந்த ஊர். கண்காட்சிக்கு இரவல் போயிருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

1745-ல் ஜேக்கபைட் படை, அதாவது பதவியிழந்த ஸ்டூவர்ட் அரசகுலத்தை மீண்டும் அரியணை ஏற்ற முயன்றவர்களின் படை, ஸ்காட்லாந்திலிருந்து இறங்கிவர, தலைநகரைக் காக்கக் கிளம்பும் சிப்பாய்கள். வீரப்படம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்: போதைத் தள்ளாட்டம், முத்தம், பால் திருட்டு. நடுவிலுள்ள சிப்பாயை ஒரு கர்ப்பிணி பிடித்து நிற்கிறாள். அவள் கூடையை நெருங்கிப் பாருங்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் பாட்டுத்தாள், அரசரை வாழ்த்தும் 'காட் சேவ் அவர் நோபிள் கிங்'. அதே ஆண்டு செப்டம்பரில் ட்ரூரி லேன் அரங்கில் முழங்கிய பாட்டு. மறுபக்கம் அவனை இழுக்கும் முதியவள் கையில் எதிர்க்கட்சிப் பத்திரிகை. முரசுக்காரனோ, மனைவியும் பிள்ளையும் கெஞ்சுவது காதில் விழாதபடி அடித்து நொறுக்குகிறான். என் கணிப்பில் படத்தின் உயிர் அந்த முரசில்தான்.

இதன் அச்சுப்படம் 1750-ல் வந்தது. செதுக்கியவர் லூக் சல்லிவன். விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். மேலே 3 ஷில்லிங் கொடுத்தால் ஓவியத்துக்கான லாட்டரிச் சீட்டு. விற்காத 167 சீட்டுகள் ஃபவுண்ட்லிங் அனாதை இல்லத்துக்குப் போயின, பரிசும் அங்கேயே விழுந்தது.

அடுத்து பிரிட்டிஷ் மியூசியம், நடக்கும் தூரம். அச்சுப்படங்கள் வெளிச்சத்தில் வெளிறும் என்பதால் பெரும்பாலும் பெட்டிக்குள்தான். படிப்பறைக்கு முன்பதிவு வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். 'கொதித்த இசைக்கலைஞர்' (1741) கேளுங்கள். ஜன்னலில் காதைப் பொத்தியபடி வெளிநாட்டு வயலின்காரர். தெருவில் சாணைக்காரர், பால்காரி, கைக்குழந்தையோடு பாட்டுக்காரி, முரசடிக்கும் சிறுவன். சுவரில் 'பிச்சைக்காரர் ஆபரா' விளம்பரம்; மக்கள் பாடிய மெட்டுகளில் அமைந்த ஆங்கில இசைநாடகம் அது. இத்தாலிய இசைக்கு எதிரே இங்கிலாந்தின் தெருப்பாட்டு நிற்கிறது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி, தவறவிடாதீர்கள். இன்னொன்று: செப்புத்தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். செதுக்குபவர் அதைத் திருப்பி வரையாவிட்டால் வயலின் வில் இடக்கைக்குப் போய்விடும். எந்த அச்சிலும் வயலின்காரர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

மாலையில் பிம்லிகோ நிலையம் இறங்கி டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்துக்குப் போகலாம், நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணமில்லை. பிரெஞ்சுத் துறைமுகமான கலேயைக் காட்டும் 'கலே வாயில்' (1748) காட்சியில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எழுத்தாளர் ஹென்றி ஃபீல்டிங் எழுதிய மாட்டிறைச்சிப் பாட்டின் வரியே ('ரோஸ்ட் பீஃப் ஆஃப் ஓல்ட் இங்கிலாந்து') இதன் மறுபெயர்; பாட்டைக் கேட்டுவிட்டுப் போனால் படம் நன்றாகப் பிடிபடும். பெரிய இறைச்சித்துண்டைச் சுமந்து தள்ளாடும் சமையற்காரன், நீர்த்த சூப்போடு பிரெஞ்சுச் சிப்பாய்கள். மூலையில் ஓர் ஸ்காட்லாந்துக்காரன், பக்கத்தில் வெங்காயமும் ரொட்டித் துண்டும். காலையில் பார்த்த சிப்பாய்கள் எதிர்க்கக் கிளம்பினார்களே, அந்தப் படையில் தோற்று நாடுகடந்தவன் அவன்.