அமுச்சியின் கைவாகும் லிமோன்செல்லோவும்

லிமோன்செல்லோ என்ற இத்தாலிய எலுமிச்சை மது, இத்தாலியில் இருக்கும் மாமன் மகன் பொங்கலுக்குக் கோபிசெட்டிபாளையம் வந்தபோது சொல்லிக்கொடுத்தது. எலுமிச்சைத் தோலின் மஞ்சளை மட்டும் சீவி, வோட்காவில் 3 வாரம் ஊறவைத்து, சர்க்கரைப் பாகு சேர்க்க வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளை சேர்ந்தால் கசந்துவிடும். நான் சீவிய லட்சணத்தைப் பார்த்த அமுச்சி (அம்மாவின் அம்மா), "கத்தியக் குடு சாமி" என்று வாங்கிக்கொண்டார். வருசா வருசம் நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து உப்படைக்கும் கை. 12 பழமும் பத்து நிமிடத்தில் முடிந்தது. என்னத்துக்கு என்று கேட்டார். "சர்பத்துக்குங்க அமுச்சி" என்றேன்.

நேற்று ஆறிய பாகை ஊற்றியதும், தோலின் எண்ணெய் பிரிந்து, அதுவரை தெளிவாக இருந்தது நீர்மோர் மாதிரி கலங்கியது. அமுச்சி முகர்ந்து பார்த்தார்.

"உங்க அப்புச்சி சட்டையில வந்த வாசமாட்டவே இருக்குது."

அப்புறம், தோல் போன பழங்களில், சீவிய அன்றைக்கே நிஜமான சர்பத்தும் போட்டிருந்தோம்.