கூகுள் ட்ரைவ் சாதாரண கோப்புறையாக: திருகோணமலை மடிக்கணினியில் இதுவரை

உவர்மலையில் ஒரு வீட்டு மடிக்கணினி: 4 ஜிபி ராம், பற்றரி நிற்காது, இணைப்புக்குக் கைபேசி ஹொட்ஸ்பொட். அதில் லினக்ஸ் மின்ட் 22 (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்). பிரவுசரைத் திறக்காமலே கூகுள் ட்ரைவை மற்றக் கோப்புறைகளைப் போலப் பாவிக்க வேண்டும்.

முதலில் மின்ட்டில் உள்ள ஒன்லைன் அக்கவுண்ட்ஸ். கணக்கைச் சேர்த்ததும் மின்ட்டின் கோப்பு மேலாளரான நீமோவின் பக்கப்பட்டியில் ட்ரைவ் வந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பெயர் வேறு, பாதையில் இருப்பது வேறு: கூகுளின் நீண்ட அடையாளக் குறிகள். பெயரை வைத்துக் கோப்பைத் தேடும் ஸ்கிரிப்ட் (சிறு கட்டளை நிரல்) ஓடாது. திறந்து பார்க்க மட்டும் என்றால் இது போதும்.

அடுத்தது ஆர்குளோன் (rclone): ட்ரைவைக் கோப்புறையாக இணைத்துக் காட்டும் கட்டளைவழி நிரல். அதனோடு வரும் கிளையன்ட் ஐடியை (கூகுளிடம் நிரலை அடையாளம் காட்டும் குறியை) எல்லோரும் பாவிப்பதால் வேகம் மட்டுப்படும். கூகுள் கிளவுட் கொன்சோலில் சொந்தத் திட்டம் தொடங்கி, ட்ரைவ் ஏபிஐயை (நிரல்கள் ட்ரைவை அணுகும் வழியை) இயக்கி, டெஸ்க்டொப் வகை ஐடி எடுப்பதே நல்லது. திட்டத்தை 'டெஸ்டிங்' நிலையில் விட்டால் டோக்கன் (கணக்கைத் திறக்கும் அனுமதிச் சாவி) 7 நாளில் காலாவதியாகும். ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய கோப்புறை எட்டாம் நாள் திறக்காது. 'புரொடக்ஷன்' நிலைக்கு மாற்றி, மறுபடி அனுமதி பெற வேண்டும்.

ஆர்குளோனுக்கு விஎஃப்எஸ் கேஷ் மோடை (கோப்புகளின் தற்காலிகப் பிரதியை வட்டில் எப்படி வைப்பது என்ற தெரிவை) சொல்லாவிட்டால் கேஷ் அணைந்தே இருக்கும். அப்போது ஒரே கோப்பை வாசிக்கவும் எழுதவும் சேர்த்துத் திறக்க முடியாது. லிப்ரே ஒபிஸில் (இலவச அலுவலகச் செயலியில்) சேமிக்கும்போது பிழை வரும். 'புல்' (full) என்று வைத்து, உச்ச அளவு 2 ஜிபி, கேஷின் ஆயுள் 1 மணியிலிருந்து 72 மணி, அடைவுப் பட்டியலின் ஆயுள் 5 நிமிடத்திலிருந்து 72 மணி என்று கூட்டியாயிற்று. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் கடைசி எண்தான் உயிர். பட்டியல் காலாவதியானால் இணைப்பு இல்லாத நேரம் கோப்புறையே திறக்காது. பட்டியல் பழசாகிவிடாது: ட்ரைவில் நடந்த மாற்றங்களை நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்குளோன் கேட்டு வாங்குகிறது.

மூடிய கோப்பு 5 விநாடி கழித்தே ட்ரைவுக்கு ஏறத் தொடங்கும். அதற்குள் கரண்ட் போனாலும் வட்டில் எழுதப்பட்டது கேஷில் இருக்கும். அதே தெரிவுகளோடு ஆர்குளோன் மறுபடி ஓடும்போது ஏறும். ஆகவே பதிவேற்றம் மிச்சமிருக்கையில் தெரிவுகளில் கை வைக்கக் கூடாது.

லொகினில் தானாகத் தொடங்க சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணிச் சேவைகளைத் தொடக்கி நிர்வகிப்பது) யூசர் சர்வீஸ், வகை 'நொட்டிபை' (தயாரானதை ஆர்குளோனே அறிவிக்கும்). யூசர் சர்வீஸ் ஹொட்ஸ்பொட் வரும்வரை காத்திருக்காது. ஆர்குளோன் தோற்று வெளியேறும். தோற்றால் 30 விநாடி விட்டு மறுபடி தொடங்கச் சொல்ல வேண்டும். இடைவெளி சொல்லாவிட்டால் உடனுக்குடன் முயலும். 10 விநாடிக்குள் 5 தடவையைத் தாண்டினால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும்.

நீமோவில் முன்தோற்றப் படங்களை 'ஒருபோதும் வேண்டாம்' ஆக்க வேண்டும். படக் கோப்புறை ஒன்றைத் திறந்தாலே படங்களை இறக்கத் தொடங்கும், டேட்டா கரையும்.

ஜிமெயிலுக்கும் கலண்டருக்கும் மின்ட்டின் வெப் அப்ஸ் (இணையத்தளத்தைச் செயலியாக்கும் கருவி) போதும். முகவரியை ஒட்டினால் மெனுவில் தனிச் செயலியாக நிற்கும்.

தீராதது ஒன்று. கூகுள் டொக்ஸ் ஆவணங்கள் கோப்புறையில் 0 பைட் என்றே தெரிகின்றன. ஏற்றுமதி செய்யும்வரை அளவு தெரியாததால் சில செயலிகள் வெறுமையாகத் திறக்கின்றன. இப்போதைக்கு அவற்றைப் பட்டியலில் காட்டாமல் தவிர்த்து, வெப் அப் வழியாகவே திறக்கிறோம்.