குதிரைக்குப் புதுச் சேணம்: கிட்டார் சாடில் மாற்றிய குறிப்புகள்

வீணையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் பாகத்திற்குக் குதிரை என்று பெயர். கிட்டாரில் அதே வேலையைச் செய்யும் பிரிட்ஜின் காடியில் செருகப்பட்டிருக்கும் மெல்லிய வெள்ளைத் துண்டைச் சாடில், அதாவது சேணம், என்கிறார்கள். பெயர் வைத்த இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்றாலும் பொருத்தம் கச்சிதமாக அமைந்திருக்கிறது.

என் கிட்டாரில் மிகத் தடித்ததான ஆறாம் கம்பி சில மாதங்களாக இரைந்துகொண்டிருந்தது. கம்பிகளைத் தளர்த்திச் சாடிலை வெளியே எடுத்தபோது, அதன் அடியில் மடித்து வைத்த விசிட்டிங் கார்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. முன்பு ஒரு கடையில் கம்பிகளைத் தாழ்த்தித் தரச் சொல்லியிருந்தேன். அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டு, குறையை அட்டையால் மறைத்திருக்கிறார்கள். காடியின் அகலம் 3.2 மி.மீ., பிளாஸ்டிக் சாடிலின் தடிமனோ 2.9 மி.மீ. கம்பிகளின் இழுவையில் அது முன்பக்கமாகச் சாய்ந்தே நின்றிருக்கிறது. இப்படிச் சாய்ந்து அழுத்தும் சாடில் நாளடைவில் பிரிட்ஜ் மரத்தையே பிளந்துவிடக்கூடும்.

புதியதற்கு மாட்டெலும்புத் துண்டு வாங்கினேன். அதைத் தொடுவதற்கு முன் கழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகளில் முதலாவதில் கேப்போ என்னும் கம்பி அழுத்தும் கவ்வியை மாட்டி, ஆறாம் கம்பியைப் பதினான்காம் ஃபிரெட்டில் அழுத்தி, இடையில் ஏழாம் ஃபிரெட்டின்மேல் உள்ள இடைவெளியை இருசக்கர வாகன மெக்கானிக்குகள் வைத்திருக்கும், மெல்லிய தகடுகள் கொண்ட டாப்பெட் கேஜால் அளந்தேன். 0.2 மி.மீ. இருந்தது, ஆகவே கழுத்தின் மேல் பழியில்லை. பழைய சாடிலையும் அட்டையையும் திரும்ப வைத்துப் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அளந்ததில் ஆறாம் கம்பியின் உயரம் 1.6, முதல் கம்பியின் உயரம் 1.2 மி.மீ. எனக்கு வேண்டியவை 2.4, 1.8. பன்னிரண்டாம் ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி என்பதால் அங்கே 0.8 உயர வேண்டுமானால் சாடிலில் அதைப்போல் இருமடங்கு, 1.6 மி.மீ. உயர வேண்டும். முதல் கம்பியின் பக்கம் 1.2 போதும்.

முதல் துண்டு வீணாயிற்று. 3.5 மி.மீ. தடிமனைக் காடியின் அளவுக்குக் குறைப்பதற்காக 120 எண் உப்புத்தாளில் உற்சாகமாகத் தேய்த்ததில் ஒரு முனை 3 மி.மீ. ஆகிவிட்டது. காடியில் வைத்து கிட்டாரைக் கவிழ்த்ததும் மடியில் வந்து விழுந்தது. கவிழ்த்தால் விழாமலும், அதே சமயம் விரலால் இழுத்தால் வெளியே வரும்படியும் இருப்பதே சரியான இறுக்கம். பசை போடவே கூடாது. இரண்டாம் துண்டை 220 எண் தாளில், பத்துப் பத்து இழுப்புக்கு ஒரு முறை வெர்னியரில் அளந்து பார்த்துத் தேய்த்தேன். எலும்புத்தூளின் வாடை பல் மருத்துவரின் அறையை நினைவூட்டியது. முகக்கவசம் அணிந்து, தாளையும் நனைத்துக்கொண்டேன்.

மேல்விளிம்பின் வளைவைப் பழைய சாடிலைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து அரத்தால் எடுத்தேன். அது ஒரு மணி நேர வேலை. அடிப்பாகமோ இரண்டு மாலைகளைத் தின்றுவிட்டது. உயரத்தை அடியில் தேய்த்துத்தான் குறைக்கிறோம். கை தன்னையறியாமல் ஊஞ்சலாடுவதால் இரு முனைகளும் அதிகமாகக் கரைந்து, அடிப்பாகம் படகின் அடிபோல வளைந்துவிடுகிறது. அப்படி வளைந்த சாடில் காடியின் தரையில் முழுதாகப் படியாது; கம்பியின் அதிர்வு பலகைக்குச் சீராக இறங்காது. உப்புத்தாளைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டி, செங்கோணமாக அறுத்த மரக்கட்டையோடு சாடிலைச் சேர்த்துப் பிடித்துத் தேய்த்த பிறகே ஆட்டம் நின்றது. அடியில் பென்சிலால் கிறுக்கி இரண்டு முறை மெல்ல இழுத்தால், கிறுக்கல் அழியாத இடமே பள்ளம் என்று தெரிந்துவிடும். பென்சில் எங்கும் ஒரே சீராக அழிந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

கம்பிகளை ஏற்றியதும் இரைச்சல் போயிற்று. ஆனால் இரண்டாம் கம்பியில் வேறு சிக்கல் எழுந்தது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கைவிட 6 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதலாக ஒலித்தது. உயரம் கூடினால் அழுத்தும்போது கம்பி அதிகமாக இழுபடும், சுரமும் ஏறும். ஆகையால் உயரத்தை முடிவு செய்த பிறகே சுருதியைத் திருத்த வேண்டும். என்னுடைய கம்பித் தொகுப்பில் மேற்சுற்று இல்லாத இரண்டு கம்பிகளில் தடித்தது 0.016 அங்குலக் கம்பியான இரண்டாவதுதான் என்பதால் அதில்தான் இந்தப் பிழை உரக்கக் கேட்கிறது. அந்த இடத்தில் மட்டும் முன்பக்கத்தை அரத்தால் சரித்து, கம்பி தொடும் முகட்டை ஏறக்குறைய 1.4 மி.மீ. பின்னுக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு சரிப்புக்கும் கம்பியைத் தளர்த்தி, மீண்டும் முறுக்கி, சுருதி நிற்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. நான்காம் முறையில் பிழை 2 சென்ட்டாகக் குறைந்தது. பிறகு 600, 1000, 2000 எண் தாள்களால் மெருகேற்றினேன்.

இன்றைய அளவு: ஆறாம் கம்பி 2.4, முதல் கம்பி 1.9. அந்த 0.1 மி.மீ.யை இப்போது தொடவில்லை. ஐப்பசி மழையின் ஈரத்தில் மேற்பலகை உப்பிக் கம்பிகள் இன்னும் உயரக்கூடும் என்பதால், அப்போது அளந்து பார்த்து அடியில் நான்கு இழுப்பு இழுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.