லாரி போகாத மலைப்பாதையை வெளிநாட்டில் தேடுவது எப்படி?

ஓசூரிலிருந்து ஒகேனக்கலுக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்துக் கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் என்று வருவது ஒன்று. தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கி, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகச் செல்வது மற்றொன்று. சரக்கு லாரிகளும் விரைவாகப் போய்ச் சேர வேண்டியவர்களும் நெடுஞ்சாலையோடு போய்விடுவதால், வளைவும் நிழலும் யானை நடமாட்டமும் உள்ள இரண்டாவது சாலை மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு மிஞ்சுகிறது. வெளிநாட்டில் நல்ல சாலையைத் தேடும்போதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: வண்டிப் போக்குவரத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் பெரிய சாலை ஒன்று அருகில் ஓடுகிறதா? அப்படி ஒன்று இருந்தால், அதற்குப் பக்கத்து மலையில் ஏறும் பழைய சாலை பெரும்பாலும் காலியாக இருக்கும்.

அடுத்ததாக, ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தைத் திறக்க வேண்டும். ஓப்பன்டோப்போமேப் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆற்றை ஒட்டி ஓடும் சாலையில் வளைவுகள் விரிந்தவை, எதிரே வருவது தெரியும்; நெருக்கமான கோடுகளைக் குறுக்கே வெட்டி ஏறும் சாலையில், தருமபுரிக்கு அருகிலுள்ள நம் வத்தல்மலையில் இருப்பதுபோல், கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். கர்விகர், கலிமோட்டோ போன்ற செயலிகள் வளைவு மிகுந்த வழியைத் தாமே தேர்ந்து தரும் என்றாலும், அவை காட்டும் வழியை அப்படியே நம்பாமல் செயற்கைக்கோள் படத்தில் ஒருமுறை முழுவதும் பார்த்துவிடுவது நல்லது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதற்கான கண் இயல்பாகவே உண்டு. கிரானைட் குவாரி இருக்கும் பக்கம் சாலை என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். மலைச்சரிவில் வெள்ளையாக ஒரு வெட்டுத் தெரிந்தால், அங்கிருந்து புறப்படும் சாலையில் கல் ஏற்றிய டிப்பர்களும், வளைவின் வெளிப்பக்கத்தில் சிதறிய சல்லியும் காத்திருக்கும். அந்தச் சாலையை நான் விட்டுவிடுவேன்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் தேர்ந்தெடுத்தது தாய்லாந்தின் வடபகுதி. நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய வசதி, அந்நாட்டின் சாலை எண்களே பாதித் தகவலைச் சொல்லிவிடுகின்றன. முதல் இலக்கம் பகுதியைக் குறிக்கும். 1 என்றால் வடக்கு. இலக்கங்களின் எண்ணிக்கை கூடக் கூடச் சாலையின் தகுதி குறையும்: ஓரிலக்கச் சாலை நாட்டின் முதன்மை நெடுஞ்சாலை, நான்கிலக்கச் சாலை மாவட்டங்களை இணைக்கும் சிறுசாலை. ஆகவே வரைபடத்தில் 1-இல் தொடங்கும் நான்கிலக்க எண்களை மட்டும் தேடினால், தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும்.

எல்லோரும் சொல்வது மே ஹாங் சோன் சுற்றுப்பாதை. அதில் 1,864 வளைவுகள் உண்டு என்பது அங்கே பெருமையாகச் சொல்லப்படும் கணக்கு. அழகில் குறையில்லை, ஆனால் சியாங் மாயிலிருந்து பாய் வரைக்கும் செல்லும் 1095-இல் சுற்றுலா வேன்கள் ஓயாமல் ஓடுகின்றன. மே சேமிலிருந்து குன் யுவாமுக்குச் செல்லும் 1263-ஐப் பிடித்தால் அதே மலைத்தொடரை அமைதியாகக் கடக்கலாம்.

என் மனத்தை முழுவதுமாக ஈர்த்தது அதுவன்று; லாவோஸ் எல்லையை ஒட்டிய 'நான்' மாகாணம். 'நான்' நகரிலிருந்து பெரிய சாலையான 101-இல் புவா வரைக்கும் சென்று, அங்கே 1256-இல் வலப்புறம் திரும்ப வேண்டும். தோய் பூ கா தேசியப் பூங்காவுக்குள் சாலை ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. தார் நன்றாக இருக்கிறது. ஆனால் மலையின் நிழற்பக்கத்து வளைவுகளில் காலை வெகுநேரம் வரை ஈரமும் பாசியும் இருப்பதால், வெயில் ஏறிய பிறகு புறப்படுவதே பாதுகாப்பு. மறுபக்கம் இறங்கினால் போ க்லுவா. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், மலைநடுவே, கிணற்றிலிருந்து உப்புநீர் இறைத்து உப்புக் காய்ச்சும் ஊர் அது. தாழ்ந்த கொட்டகைக்குள் மண் அடுப்பின் மேல் அகன்ற சட்டியில் நீர் கொதித்துக்கொண்டே இருக்கிறது. திரண்ட உப்பை அள்ளி, சட்டிக்கு நேர் மேலே தொங்கும் மூங்கில் கூடையில் போடுகிறார்கள். அதிலிருந்து வடியும் நீர் மீண்டும் சட்டியிலேயே விழுகிறது. அங்கே சிறிது நேரம் நின்றுவிட்டு, தெற்கே 1081-ஐப் பிடித்துச் சாந்தி சுக் வழியாக நகருக்குத் திரும்பினால் சுற்று முழுமையாகிறது. முகட்டின் மேலேயே ஓடும் அந்த 1081-க்கு இணையான சாலையை நான் இதுவரை ஓட்டியதில்லை என்று தயங்காமல் சொல்வேன். இத்தகைய சாலையில் ஒரு நாளுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை ஏற்ற காலம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் தீயால் வடக்கு முழுவதும் புகை மண்டிவிடும். மழைக்காலத்தில் மண் சரியும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். உங்கள் உரிமத்தில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் வகை இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடும் கைகொடுக்காது. காப்பீட்டிலும் வண்டியின் இயந்திரத் திறனுக்கான (சிசி) வரம்பைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். புவாவில் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சிற்றூர்க் கடைகளில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை நம்ப வேண்டியிருக்கலாம்.