கருப்பட்டிக் கடை சர்வரை இம்போர்ட்டுக்கு மாற்றுவது

பாளையங்கோட்டையில் ஒரு கருப்பட்டி மொத்தக் கடை. உடன்குடிப் பக்கமிருந்து வரும் சிப்பங்களின் எடை, இருப்பு, வெளியூர்க் கடைகளுக்கான பில் எல்லாம் நோட்.ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் மென்பொருள்; சுருக்கமாக நோட்) ஓடும் சின்ன சர்வரில்தான். கடைக்குள்ளேயே ஓர் உபுண்டு மெஷின். டேட்டாபேஸ் மட்டும் வெளியே. கோடு முழுக்க, ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றை ரிக்வையர் போட்டு அழைக்கும் பழைய காமன்ஜேஎஸ் முறை. அதை, இம்போர்ட் போட்டு அழைக்கும் இஎஸ் மாட்யூல் முறைக்குக் கொண்டுபோன வேலையின் குறிப்புகள் இவை.

மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. சாக் 5, நோட்-ஃபெட்ச் 3 போன்ற லைப்ரரிகள் இஎஸ் மாட்யூலாக மட்டுமே வருகின்றன. ரிக்வையர் செய்தால் பழைய நோட் பிழை காட்டி நின்றுவிடும். நோட் 22.12 முதல் ரிக்வையரே அவற்றை ஏற்றிவிடுகிறது. தொல்லை அது ஒன்றுதான் என்றால் பதிப்பை உயர்த்திவிட்டு வேற சோலியைப் பார்க்கலாம். இங்கே மெஷினில் இருந்தது நோட் 18. புதிய ஃபைல்களோ இம்போர்ட்டில் வர ஆரம்பித்திருந்தன. ஒரே புராஜெக்டில் ரெண்டு முறையும் கலந்து கிடப்பதுதான் ஆகப்பெரிய தலைவலி.

எங்கிருந்து தொடங்குவது? யாரையும் சாராத சின்ன ஃபைலை முதலில் மாற்றத்தான் கை போகும். நோட் 18-இல் அது நடக்காது. இம்போர்ட் பழைய ஃபைலை ஏற்றும். ரிக்வையர் புதிய ஃபைலை ஏற்றாது. ஆகவே வாசலிலிருந்து உள்ளே போக வேண்டும். சர்வர்.ஜேஎஸ்ஸை முதலில் .எம்ஜேஎஸ் (இது இஎஸ் மாட்யூல் என்று நோட்டுக்குச் சொல்லும் வால்) ஆக்கி ஓட்டிப் பார்த்து, பிறகு அது அழைக்கும் ரவுட் ஃபைல்கள், கடைசியில் விலைக் கணக்கு மாதிரியான அடிமட்ட ஃபைல்கள். புராஜெக்டின் அமைப்பு ஃபைலான பேக்கேஜ்.ஜேசானில் டைப் என்பதை மாட்யூல் என்று முதல் நாளே போட்டால் .ஜேஎஸ் ஃபைல் அத்தனையும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

இம்போர்ட் வரியில் ஃபைல் பெயரோடு .எம்ஜேஎஸ் என்ற வாலையும் எழுதியாக வேண்டும். ஃபோல்டர் பெயரை மட்டும் கொடுத்தால் உள்ளே இருக்கும் இன்டெக்ஸ் ஃபைலை இம்போர்ட் தேடாது. இவை எல்லாம் சர்வர் எழும்போதே தெரிந்துவிடும் பிழைகள், பயமில்லை.

பயப்பட வேண்டியது வரிசை மாறுவதற்கு. ரிக்வையர் ஒரு சாதாரண ஃபங்ஷன். எழுதிய இடத்தில், எழுதிய வரிசையில் ஓடும். இம்போர்ட் அப்படியில்லை. ஃபைலில் எங்கே இருந்தாலும் எல்லா இம்போர்ட்டும் ஏறி முடிந்த பிறகுதான் மற்ற வரிகள் ஓடும். பழைய சர்வர்.ஜேஎஸ்ஸின் முதல் வரி டாட்என்வை (டேட்டாபேஸ் முகவரி போன்ற அமைப்புகளைத் தனி ஃபைலிலிருந்து ஏற்றும் லைப்ரரி) ரிக்வையர் செய்து அதன் கான்ஃபிக் ஃபங்ஷனை அழைத்தது. அடுத்த வரி டேட்டாபேஸ் ஃபைல். இதை அப்படியே இம்போர்ட்டாக எழுதினால் கான்ஃபிக் ஓடும் முன்பே டேட்டாபேஸ் ஃபைல் ஓடி, முகவரி அன்டிஃபைன்ட் என்று வாங்கிக்கொள்ளும். டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸின் டிரைவர் முகவரி கிடைக்காவிட்டால் லோக்கல்ஹோஸ்ட்டை, அதாவது ஓடும் மெஷினையே, தேடும். கோடு எழுதும் லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் இருப்பதால் அங்கே எல்லாம் சுத்தமாக ஓடும். கடை மெஷினில்தான் குட்டு உடையும். தீர்வு ஒரே வரி: ‘டாட்என்வ்/கான்ஃபிக்’ என்பதையே முதல் இம்போர்ட்டாகப் போடுவது. நோட் 20.6-க்கு மேல் என்றால் --என்வ்-ஃபைல் என்ற ஆப்ஷன் இருக்கிறது, டாட்என்வே வேண்டாம்.

அடுத்தது டர்நேம், அதாவது ஓடும் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லும் பெயர். இஎஸ் மாட்யூலில் அந்தப் பெயரே கிடையாது. ஆனால் அந்த வரி ஓடும்போதுதான் பிழை வரும். பில் டெம்ப்ளேட்டைத் தேடும் ஃபங்ஷனுக்குள் அது இருந்தால் சர்வர் ஜம்மென்று எழும், இருப்பு காட்டும், எடை பதியும். “தம்பி, எல்லாம் வருது, பில்லு மட்டும் அடிக்கமாட்டேங்கு” என்று கடையிலிருந்து போன் வந்த பிறகே விஷயம் தெரியும். மாற்றும் முன்பே கிரெப் (ஃபைல்களுக்குள் சொல் தேடும் கமாண்ட்) போட்டு டர்நேம், ஃபைல்நேம் இருக்கும் இடங்களைக் குறித்துவையுங்கள். நோட் 18-இல் இம்போர்ட்.மெட்டா.யுஆர்எல்லை ஃபைல்யுஆர்எல்டுபாத்திடம் கொடுத்து, அதிலிருந்து ஃபோல்டரை எடுக்க வேண்டும். 20.11 முதல் இம்போர்ட்.மெட்டா.டர்நேம் நேராகவே கிடைக்கும்.

பழைய லைப்ரரியிலிருந்து பெயர் சொல்லி இம்போர்ட் செய்தால் சில சமயம் ‘அந்தப் பெயரில் எக்ஸ்போர்ட் இல்லை’ என்று வரும். நோட் அந்த ஃபைலை ஓட்டாமல், எழுத்தை மட்டும் படித்துப் பெயர்களை ஊகிக்கிறது. லூப் போட்டுக் கட்டிய எக்ஸ்போர்ட் அதன் கண்ணில் படாது. டிஃபால்ட்டாக முழுசாக வாங்கி, அடுத்த வரியில் வேண்டியதைப் பிரித்துக்கொண்டால் முடிந்தது.

விலை ஃபைல் இருப்பை அழைக்க, இருப்பு விலையை அழைக்கும் சுற்று இங்கே இருந்தது. காமன்ஜேஎஸ்ஸில் ஒன்றுக்கு அரைகுறை ஆப்ஜெக்ட் போய்ச் சேரும், சத்தமே இருக்காது. இம்போர்ட்டிலோ இன்னும் மதிப்பு ஏறாத கான்ஸ்ட்டை ஃபைலின் மேல்மட்டத்திலேயே தொட்டால் ரெஃபரன்ஸ்எரர், சர்வர் எழாது. இது நல்லதுக்குத்தான். கிலோ விலைப் பட்டியலை மூன்றாவது ஃபைலாகப் பிரித்ததும் சுற்று அறுந்தது.

எல்லாம் ஓடியபின் டைப்பை மாட்யூல் ஆக்கி, .எம்ஜேஎஸ் வால்களை .ஜேஎஸ் என்று திருப்பி, இம்போர்ட் வரிகளிலும் திருத்தினோம். சர்வரை விடாமல் ஓட்டிவைக்கும் பிஎம்2-வின் எக்கோசிஸ்டம்.கான்ஃபிக் ஃபைல் பழைய மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸ் முறையில் இருந்ததால், அதை மட்டும் .சிஜேஎஸ் (காமன்ஜேஎஸ் என்று சொல்லும் வால்) ஆக்கினோம். பிஎம்2-வில் ரீலோடு கொடுத்தால் பழைய ஃபைல் பாதையே ஒட்டிக்கொண்டிருக்கும். டெலீட் செய்து, புதிதாக ஸ்டார்ட் செய்து, பிஎம்2 சேவ் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் மெஷின் பழைய சர்வர்.எம்ஜேஎஸ்ஸைத் தேடிக்கொண்டிருக்கும்.